கூழைக்கடாவின் கழுத்துத் துணி

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் கூழைக்கடாவைப் பார்ப்பார்கள். பிறகு அதன் காலடியில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்குப் போவார்கள். பிறகு காரில் ஏறிப் போய்விடுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து சராசரியாகப் பதினோரு நிமிடம் ஆகிறது என்று ஊர் முன்னேற்றச் சங்கம் ஒரு கோடைகாலம் முழுக்கக் கடிகாரமும் கையுமாக நின்று கண்டுபிடித்தது. அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் வில்காரா உயிரோடு இருக்கிறது என்று சங்கத் தலைவன் ராய்ஸ் ஹாலம் மேடை கிடைத்தபோதெல்லாம் சொல்வான்.

எழுபத்து நாலில் வெள்ளம் வந்து எங்கள் ஏரி நிரம்பியது. எங்கிருந்தோ பல்லாயிரம் கூழைக்கடாக்கள் வந்து இறங்கின. ஊருக்குப் பித்துப் பிடித்தது. ஆளுக்கொரு மூட்டை சிமெண்டு கொடுத்துப் பதினாலு மீட்டர் உயரத்தில் ஒரு கூழைக்கடாவை நெடுஞ்சாலை ஓரமாக எழுப்பினார்கள். கட்டி முடிப்பதற்குள் ஏரி வற்றிவிட்டது. நிஜப் பறவைகள் புத்தியுள்ளவை, கிளம்பிவிட்டன. இதற்குத்தான் போக வழியில்லை. அது ஏரியைப் பார்த்து நிற்க வேண்டும் என்றுதான் வரைபடத்தில் இருந்தது. ஆனால் கொத்தனார் ஹரால்ட் குவில்டி எதிரே இருந்த பப்பில் உட்கார்ந்தபடியே வேலையை மேற்பார்வை பார்த்தார். அதனால் அது பப்பைப் பார்த்து நிற்கிறது. 'தென் அரைக்கோளத்திலேயே மிகப் பெரிய கூழைக்கடா' என்று பலகை வைத்தோம். பிறகு கடலோரத்தில் எவனோ இதைவிட ஒரு மீட்டர் பெரிதாக, உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒன்று கட்டிவிட்டான். இப்போது பலகையில் 'நின்ற நிலையில்' என்று இரண்டு வார்த்தை கூடியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், இந்த ஊர்த் தபால் நிலையத்தை முப்பத்தோரு வருடம் கட்டி மேய்த்தவள். வெளியூர்க்காரன் யாராவது எங்கள் கூழைக்கடாவைப் பார்த்துச் சிரித்தால் அவன் கடிதம் மூன்று நாள் தாமதமாகத்தான் கிளம்பும். எங்களுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம். கல்யாண போட்டோ அதன் அலகுக்குக் கீழேதான் எடுப்போம். கால்பந்து சீசனில் அதற்குச் சிவப்புக் கம்பளிப் பட்டை, கிறிஸ்துமஸுக்குக் குல்லாய். ஊரில் யாராவது இறந்துபோனால் ஒரு நாள் முழுக்க, வழக்கமாக அடக்கத்தன்று, விடியலிலிருந்து மறு விடியல் வரை, அதன் கழுத்தில் கறுப்புத் துணி.

நான் சொல்ல வந்தது கூழைக்கடாவைப் பற்றி அல்ல. அந்தக் கழுத்து வரைக்கும் ஏறுகிறவனைப் பற்றி.

நெவில் ட்ராஸ்காட் எழுபத்து மூன்றில், தன் இருபத்திரண்டாவது வயதில், இங்கே வந்தான். ஆட்டுப் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிப் பம்புகளைப் பழுது பார்ப்பது அவன் தொழில். ஒல்லி, நீளம், பேச்சு குறைவு. பாதி வாழ்க்கையை ஆகாயத்தில் கழித்ததாலோ என்னவோ, தரையில் இருக்கும்போது கொஞ்சம் சங்கடப்படுகிற மாதிரியே நிற்பான். அவனிடம் ஒரே ஒரு குறைதான் உண்டு. அவன் கேரிக்கில் பிறந்தவன்.

கேரிக் நாற்பத்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கேயும் இதே ஆடு, இதே புழுதி, இதே சாம்பல் நிறக் கிழவர்கள். ஆனால் கால்பந்தில் அவர்கள்தான் எங்கள் எதிரி. அந்த ஊரிலிருந்து வந்த ஒருவன் எங்கள் பம்பைச் சரி செய்யலாம், எங்கள் சர்ச்சில் பாடலாம், எங்கள் வீடு தீப்பிடித்தால் வாளியோடு ஓடி வரலாம், ஆனால் எங்கள் ஊர்க்காரன் ஆகிவிட முடியாது. நாற்பத்து நாலு வருடம் கழித்தும் அவன் எங்களுக்கு 'கேரிக் நெவில்'தான். ஊரில் வேறு நெவில் யாரும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஊருக்கும் மேட்ச் நடக்கும் நாட்களில் அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவான். பக்கத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று யாரும் அவனைக் கேட்டதில்லை.

கறுப்புத் துணி வழக்கம் ஆரம்பித்தது கொத்தனார் ஹரால்டின் சாவில். அவர் செத்த அன்று பப்பில் இருந்த யாரோ, அவர் கட்டிய பறவைக்கும் துக்கம் இருக்காதா என்று கேட்டார்கள். சரிதான் என்றது மொத்தக் கூட்டமும். ஆனால் பறவையின் வயிற்றுக்குள் இருக்கும் இரும்பு ஏணி முதுகு வரைதான் போகும். அங்கே ஒரு துவாரத்தின் வழியாக வெளியே வந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாலு மீட்டர் ஏற வேண்டும். ஹரால்டுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் காற்றாடிக்காரனுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அன்று ஏறியவன்தான். அதன் பிறகு ஊரின் ஒவ்வொரு சாவுக்கும் அவனே ஏறினான். கழுத்தில் தானே சின்னச் சின்ன இரும்பு முளைகளை அடித்துக்கொண்டான். காற்றோ, மழையோ, நாற்பத்திரண்டு டிகிரி வெயிலோ, விடிவதற்குள் துணி ஏறியிருக்கும். அதை வெட்டித் தைத்தவள் அவன் மனைவி டல்சி. ஒவ்வொரு முறை இறங்கி வந்ததும் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்தவருக்காகத் தன் பீரோவில் மடித்து வைப்பாள். எங்கள் ஊரின் மொத்தத் துக்கமும் அவள் பீரோவில்தான் இருந்தது, பூச்சி உருண்டையோடு.

டல்சியும் கேரிக்தான். எழுபத்தாறில் கல்யாணமாகி வந்தவள். பள்ளிக் கேன்டீனில் முப்பது வருடம் வேலை பார்த்தாள். இந்த ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அவள் கையால் சாஸ் ஊற்றிய இறைச்சி பஃப்ஸ் தின்று வளர்ந்தவர்கள். யாருக்கு சாஸ் பிடிக்காது, யார் வீட்டில் காலையில் சண்டை, யார் சாப்பாடு கொண்டுவராமல் வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வாய் கொஞ்சம் நீளம். அவளோடு பேசிவிட்டு வந்தால் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு வரும்.

இப்போது விதியைச் சொல்ல வேண்டும். கறுப்புத் துணி யார் யாருக்கு என்ற கேள்வி எண்பதில் வந்தது. ரயில்வேக்காரர் ஒருவர் வந்து இரண்டு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார், அவர் மனைவி துணி கேட்டாள். உடனே கமிட்டி கூடியது. எங்கள் ஊரில் எதற்கும் கமிட்டி கூடும். துணி உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று தீர்மானம் ஆனது. உள்ளூர்க்காரர் என்றால் யார்? வில்காரா ஆஸ்பத்திரியில் பிறந்தவர். சுலபமான, சுத்தமான விதி. அதையும் மற்ற சில்லறை விதிகளையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு சங்கக் கட்டிடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினோம்.

எண்பத்தெட்டில் அரசாங்கம் ஆஸ்பத்திரியை மூடிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் எல்லாம் நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நகரத்தில் பிறக்கிறார்கள். அதாவது, விதிப்படி பார்த்தால், முப்பது வருடமாக வில்காராவில் ஒரே ஒரு உள்ளூர்க்காரர்கூடப் புதிதாகப் பிறக்கவில்லை. எங்களில் கடைக்குட்டி இருபத்தொன்பது வயதுக்காரன், மேற்கே சுரங்கத்தில் வேலை பார்க்கிறான், ஊருக்கு வருவதே இல்லை. விதியை மாற்றலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மாற்றினால் எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? ஏரியில் தண்ணீர் இல்லை, ரயில் நிற்பதில்லை, வங்கி போய்விட்டது. உள்ளூர்க்காரர் என்ற பெயர் ஒன்றுதான் இருந்தது. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தோம்.

இரண்டாயிரத்துப் பதினேழு ஜூலையில், நல்ல குளிரில், டல்சி இறந்துபோனாள். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்து ஒன்பது வாரம்தான்.

கடைசி நாட்களில் நான் போய்ப் பார்த்தேன். படுக்கையில் இருந்தவள் பீரோவைக் காட்டினாள்.

"எனிட், அந்தத் துணிய எத்தன தடவ இஸ்திரி போட்டிருக்கேன் தெரியுமா? நூத்துப் பதிமூணு. எனக்குக் கட்டுவாங்களாடி?"

"ஏன் கட்டாம? என்ன பேச்சு இது?" என்றேன்.

"ஆமா, நீதான் பெரிய தலைவி. ராய்ஸு மீட்டிங் போடுவான் பாரு" என்று சிரித்தாள். சிரித்தது வலித்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெவில் கதவோரம் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. அவளுக்கு அது வேண்டும் என்பது அந்த நிமிடத்தில் எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை போனாள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நெவில் சங்கக் கட்டிடத்துக்கு வந்தான். தலை சீவி, கோட்டு போட்டிருந்தான். கமிட்டியில் என்னையும் சேர்த்து நாங்கள் ஏழு பேர் இருந்தோம். ராய்ஸ் தலைவர் நாற்காலியில். அவன் ஆடு ஏலம் விடுகிற தரகன், எதைப் பேசினாலும் ஏலக் குரலில்தான் பேசுவான்.

"மாப்ள, உன் துக்கம் எங்க துக்கம்" என்றான் ராய்ஸ். "என்ன வேணுமோ கேளு. சமாதிக்கு இடம், சாப்பாடு, நாற்காலி, எதுன்னாலும் சங்கம் பாத்துக்கும்."

"துணி" என்றான் நெவில்.

தீயணைப்புப் படைத் தலைவர் காலின் பிராக் தன் டீயை ரொம்ப அக்கறையாகக் கலக்கினார்.

"நெவில், நீ தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றான் ராய்ஸ். "என்னைக் கேட்டா இப்பவே சரிம்பேன். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. இன்னிக்கு டல்சிக்குக் கட்டுனா நாளைக்கு யார் யாரு வந்து நிப்பாங்க? மோட்டல் நடத்துறவங்க வருவாங்க. காத்தாலைக் கம்பெனிக்காரன் வருவான். எங்க கொண்டுபோய் நிறுத்துறது?"

"நாப்பத்தோரு வருசம் இருந்திருக்கா" என்றான் நெவில்.

"அதான் நானும் சொல்றேன். வந்தவங்கள்ல அவங்கள மாதிரி ஒருத்தர் உண்டா?"

அவனை வராந்தாவில் காத்திருக்கச் சொன்னார்கள். விண்ணப்பதாரர் முன்னால் ஓட்டெடுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ராய்ஸ் விதியின் பெருமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினான். பிறகு துணி வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னான்.

ஏழு கைகள் எழுந்தன. ஏழாவது என்னுடையது. கொஞ்சம் தாமதமாக எழுந்தது, அதில் ஒரு பெருமையும் இல்லை. ஆறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களோடுதான் நான் மிச்ச நாளையும் இந்த ஊரில் ஓட்டியாக வேண்டும். அவ்வளவுதான் என் காரணம். வேறு நல்ல காரணம் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பேன்.

முடிவைச் சொன்னதும் நெவில், "சரி" என்றான். தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

டல்சியின் அடக்கத்துக்கு ஊரே வந்தது. அதில் குறை சொல்ல முடியாது. நெவில் வீட்டுக்குப் பதினேழு பாத்திரம் இறைச்சிக் குழம்பு போனது. பாத்திரம் திரும்பி வர வேண்டுமே என்று ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ராய்ஸ் அழுதான், நிஜமாகவே அழுதான். சவ வண்டி கூழைக்கடாவைத் தாண்டிப் போகும்போது எல்லோரும் ரோட்டைப் பார்த்தோம். பறவையின் வெறும் கழுத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினோரு நாள் கழித்து ராய்ஸின் அம்மா வினிஃப்ரெட் ஹாலம் இறந்தார். தொண்ணூற்றாறு வயது, ஐந்து தலைமுறையாக வில்காரா. கூழைக்கடாவுக்கு முதல் கரண்டி சிமெண்டு அள்ளி வைத்தவர். உள்ளூர்க்காரர் என்றால் இவருக்கு மேல் ஆள் கிடையாது. அடக்கம் சனிக்கிழமை, சிட்னியிலிருந்து எம்.பி. வருகிறார், டி.வி. வருகிறது என்று ராய்ஸ் தன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே ஏற்பாடு செய்தான். நெவிலுக்குச் சொல்லி அனுப்பினான்.

நெவில் சங்கக் கட்டிடத்துக்கு வந்து, துவைத்து மடித்த துணியை மேசையில் வைத்தான்.

"இந்தாங்க துணி."

"இங்க எதுக்கு வெக்கிற? சனிக்கிழம விடியக்காலைல ஏத்திடு."

"உள்ளூர் விஷயத்துல உள்ளூர்க்காரங்கதான் இருக்கணும்னு விதி. நான் வெளியூர். இத்தன வருசமா தெரியாம ஏறிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"யோவ், விளையாடாதய்யா!"

"நான் எப்ப விளையாடினேன்?" என்றான் நெவில். உண்மைதான், அவன் விளையாடி யாரும் பார்த்ததில்லை.

அடுத்த இரண்டு நாட்களில் உள்ளூர்க்காரர்களின் வீரத்தை நான் கண்ணாரப் பார்த்தேன். ஏறத் தகுதியானவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். விதிப்படி எல்லோரும் இருபத்தொன்பது வயதுக்கு மேல், பெரும்பாலும் அறுபதுக்கு மேல். ஒருவருக்கு இடுப்பில் உலோக மூட்டு. ஒருவருக்கு உயரம் என்றால் தலைசுற்றல், நாற்காலியில் ஏறி பல்பு மாட்டவே மனைவியைக் கூப்பிடுவார். காலின் பிராக் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, சைரன் ஊதி, ஏணியை நீட்டினார். அது பறவையின் நெஞ்சு வரை போய் நின்றுவிட்டது.

"கேரிக்ல கிரேன் வண்டி இருக்கு" என்றார் காலின் மெதுவாக.

"கேரிக்காரன்கிட்டயா?" ராய்ஸுக்கு முகம் சிவந்தது. "எங்கம்மா பெட்டிய விட்டு எழுந்து உக்காந்துருவாங்க!"

கடைசியில் அவனே ஏறுவதாகச் சொன்னான். அம்மாவுக்காக. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். வயிற்றுக்குள் ஏணியில் ஏறிப் போனான். முதுகுத் துவாரத்தில் தலை தெரிந்தது, தோள் வந்தது, கை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஏலத்தரகர்கள் உட்கார்ந்தே தின்கிறவர்கள். அந்தத் துவாரம் எழுபத்தைந்தாம் வருடத்து ஆட்களுக்காக வைத்தது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அரை மணி நேரம் கூழைக்கடாவின் முதுகில் ராய்ஸ் முளைத்து நின்றான். கீழே ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. அன்றைக்குப் பதினோரு நிமிடக் கணக்கு உடைந்தது, ஒருவரும் கிளம்பவில்லை.

"ராய்ஸு! மூச்ச உள்ள இழு!" என்று கத்தினார் காலின்.

"இழுத்துட்டுதாண்டா இருக்கேன், வீணாப்போனவனே!"

சமையல் எண்ணெயோடு உள்ளே ஏறிப் போய் அவனைக் கீழே இழுத்துக்கொண்டு வந்தவன் நெவில். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தான். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவசரக் கூட்டம். நெவிலையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். ராய்ஸ் சட்டையில் எண்ணெய்க் கறையோடு, குரலில் ஏலம் இல்லாமல் பேசினான்.

"நெவில் ட்ராஸ்காட்டை வில்காரா உள்ளூர்க்காரரா ஏத்துக்குறோம்னு தீர்மானம். எல்லாருக்கும் சம்மதந்தானே?"

எல்லோருக்கும் சம்மதம்.

"நான் மட்டுமா?" என்றான் நெவில்.

ராய்ஸ் சட்டையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்தான். அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது, செலவில்லாதபோது வருகிற தைரியம்.

"டல்சியையும் சேத்துக்கணும்னு நான் முன்மொழியறேன்" என்றேன்.

"செத்தவங்கள எப்படி..." என்று ஆரம்பித்தார் காலின். ராய்ஸ் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். ராய்ஸுக்கு விடிந்தால் எம்.பி., டி.வி., அம்மா.

"சேத்துக்கலாம்" என்றான்.

"எந்தத் தேதியிலேருந்து?" என்று கேட்டான் நெவில்.

"என்னது?"

"எந்தத் தேதியிலேருந்து அவ உள்ளூர்? செத்தப்புறமா, அதுக்கு முன்னயேவா?"

"எழுபத்தாறு" என்றான் ராய்ஸ் தரையைப் பார்த்து. "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினோம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். நெவில் அதை இரண்டு தடவை படித்தான். துணியை எடுத்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை விடிந்தபோது கூழைக்கடாவின் கழுத்தில் கறுப்புத் துணி இருந்தது. நல்ல முடிச்சு, இரண்டு முனையும் சமமாக. ஓரத்தில் மட்டும் இஸ்திரிப்பெட்டி பட்டுப் பழுப்பாகத் தீய்ந்த ஒரு முக்கோணம். இந்த முறை நெவிலே இஸ்திரி போட்டிருக்கிறான் என்று நான் புரிந்துகொண்டேன். ராய்ஸ் கறுப்புக் கோட்டில் வந்து, அண்ணாந்து பார்த்து, நெவிலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி மாப்ள. எங்கம்மா ஆத்மா..."

"இது டல்சிக்கு" என்றான் நெவில்.

"என்ன?"

"ஒருத்தருக்கு ஒரு நாள். செத்த வரிசைப்படி. அதுவும் உங்க விதிதான், ரெண்டாவது பக்கத்துல இருக்கு. டல்சி முன்னால போனா. உங்கம்மாவுக்கு நாளைக்கு ஏத்துறேன்."

"டேய், இன்னிக்குத்தான்டா அடக்கம்!"

"தெரியும். டல்சி அடக்கத்தன்னிக்கு வெறும் கழுத்தாத்தான் இருந்துச்சு" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "நான் கழட்டமாட்டேன். வேணும்னா நீ ஏறிக் கழட்டிக்க."

ராய்ஸ் முதுகுத் துவாரம் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

வினிஃப்ரெட் ஹாலமின் பெட்டி, பன்னிரண்டு கார்களோடும் ஒரு டி.வி. கேமராவோடும், டல்சி ட்ராஸ்காட்டின் துணிக்குக் கீழே மெதுவாகப் போனது. வந்திருந்த எம்.பி. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, தொப்பியைக் கழற்றி, கூழைக்கடாவுக்குத் தலை வணங்கினார். மைக் முன்னால் உருக்கமாகப் பேசினார்: "தங்கள் தாய்க்காக ஒரு ஊரே ஒரே மனதாக இப்படித் துக்கம் காட்டுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை." ஒரே மனதாக நாங்கள் எல்லோரும் எங்கள் ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் பள்ளிக்கூட மைதானம் பராமரிக்கிற பெரிய ஆள் ஒருவன், நாற்பது வயது இருக்கும், சத்தமாக மூக்கை உறிஞ்சினான். அவன் அழுதது வினிஃப்ரெட் அம்மாவுக்கு அல்ல என்று அவனைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும். அவர் அவனை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டல்சி, அவன் பள்ளியில் படித்த காலத்தில் சாப்பாடு கொண்டுவராத நாட்களில், தட்டை நிரப்பிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அவளுக்கான அழுகை அன்றைக்குத்தான் சரியாக நடந்தது என்று எனக்குப் பட்டது. இரவல் கூட்டம், இரவல் பூ, இரவல் எம்.பி. துணி மட்டும் அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில், சொன்னபடியே, நெவில் மறுபடி ஏறினான். துணியை அவிழ்த்துக் கொண்டுவந்து, வீட்டில் துவைத்துக் காயவைத்து மறுபடி ஏற்றுவதற்கு நேரமில்லை. அதனால் கழுத்திலேயே முடிச்சை அவிழ்த்து, துணியை உதறி, திருப்பிப் போட்டு, வினிஃப்ரெட் அம்மாவுக்காகப் புதிதாகக் கட்டினான். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கீழே அதைப் பார்க்க ராய்ஸ் மட்டும் வந்திருந்தான், டி.வி. இல்லை. நெவில் இறங்கி வந்தபோது ராய்ஸ் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினான், நெவில் வாங்கிக் குடித்தான்.

திங்கள்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு குழம்புப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கும் சாக்கில். முன்வாசலில் ஒரு பம்பின் வால்வைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு எழுபத்தொரு வயது. இந்த ஊரில் எனக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"நெவில், அன்னிக்கு மீட்டிங்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வராந்தாவுல ஜன்னல் இருக்கு எனிட்."

"நானும் கையத் தூக்கினேன்."

"கடைசியாத் தூக்குன" என்றான். "பாத்தேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவன் வால்வை எண்ணெயில் முக்கித் துடைத்தான். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, தொழில்காரன் வாடிக்கையாளரிடம் தேதி சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"நீ கவலப்படாத. உன் முறை வரும்போது விடியறதுக்குள்ள ஏத்திடுவேன். மீட்டிங் எதுவும் போடமாட்டேன்."